அரை அடி குறைந்த வட்டம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் தம்பி மூன்று பேரும் நல்லபடியாக இருக்கிறோம், அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய், உன் லாரியும் பதினெட்டுச் சக்கரத்திலும் காற்று இறங்காமல் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். லாரியை விசாரித்து நான் எழுதுவது இதுதான் முதல் தடவை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற உன் அம்மாவுக்கும் தெரியும். போனில் பேசினால் போதாதா என்பாய். இரண்டு மாதமாக நான் போனை எடுத்தால் அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய், அதில் தப்பு என்னுடையதுதான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே குரலை உயர்த்திவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி இல்லை.

முதலில் வீட்டு விஷயம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை, டாக்டர் நடக்கச் சொன்னார், அவளும் நடக்கிறாள், ஆனால் நடக்கிற நேரமெல்லாம் என் ரோட்டுக்கு வந்து குறை கண்டுபிடிப்பதற்கே செலவழிக்கிறாள். உன் தம்பி மூக்குக்கண்ணாடி போட்டுவிட்டான், போட்டதிலிருந்து பெரிய மேதை மாதிரி பேசுகிறான், நீ கொஞ்சம் தட்டி வை. புது வீட்டுக்கு வெள்ளையடித்து ஜன்னலுக்குக் கம்பி போட்டாகிவிட்டது, குழாயில் தண்ணீரும் வருகிறது. உன் அறைக்கு அம்மா வெளிர்மஞ்சள் அடிக்கச் சொன்னாள், பெயிண்டர் அடித்ததைப் பார்த்தால் மஞ்சள் எங்கே வெளிர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, வந்து நீயே சொல்.

இப்போது ரோட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் புது மனைப்பிரிவில் இருபத்திரண்டு வீடு, நம்முடையது கடைசி. ரோடு போடுகிற பொறுப்பைக் காண்டிராக்டர் என்னிடம் விட்டிருந்தார், அது உனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், புது மனைப்பிரிவில் ரோடு எப்படி இருக்க வேண்டும் என்று நகராட்சி ஒரு பச்சை அட்டைப் புத்தகம் வைத்திருக்கிறது. கிராவல் எத்தனை அங்குலம், ஜல்லி எத்தனை அங்குலம், எத்தனை முறை ரோலர் ஓட வேண்டும், நடைபாதை எவ்வளவு அகலம், பாதாளச் சாக்கடை மூடி ரோட்டு மட்டத்துக்கு ஏறாமலும் இறங்காமலும் எப்படி உட்கார வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். அதன்படி ரோடு இல்லை என்றால் நகராட்சி ஏற்றுக்கொள்ளாது, ஏற்றுக்கொள்ளாத ரோட்டில் எந்த வீட்டுக்கும் குடிபோக அனுமதி கிடையாது. முப்பது வருஷமாக அந்தப் புத்தகத்தோடு சண்டை போட்டுத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். அதை வைத்து அளக்க வருகிற பொறியாளர் அம்மாவுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் டேப்பம்மா. வயது என்னவோ உன்னைவிட நாலைந்து கூட இருக்கும், அவ்வளவுதான். வரும்போதே டேப்பின் நுனி கைப்பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும். ஒரு வாளித் தண்ணீரை ரோட்டில் ஊற்றிவிட்டு அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார், உள்ளங்கை அளவு தேங்கினாலும் சாக்கட்டியால் வட்டம் போட்டுவிடுவார்.

நம் தெரு முட்டுச்சந்து. அப்படிப்பட்ட தெருவின் முனையில் பெரிய வண்டிகள் திரும்ப ஒரு வட்டம் விட வேண்டும் என்பது புத்தகத்தின் சட்டம், நடுவிலிருந்து ஓரம்வரை ஒன்பது மீட்டர். காம்பும் குழியுமாக இருப்பதால் எங்கள் ஆட்கள் இந்த மாதிரி தெருவைக் கரண்டி என்பார்கள். அந்தக் கரண்டியை உன் தம்பி படம் பிடித்து உனக்கு அனுப்பினான், நீ அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணினாய். முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரம் போகாது அப்பா, உள்ளே வெட்டிக்கொண்டு வரும், காம்பு குழியோடு சேருகிற கழுத்து கூர்மையாக இருக்கிறது, அங்கே ஓரக் கல்மேல் ஏறும் என்றாய். அந்தக் கல்லை, அளவுக்குக் கட்டுகிற கயிற்றுக்கு உள்ளே வைத்தீர்களா வெளியே வைத்தீர்களா என்றும் கேட்டாய். அந்த ஒரு கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. நான் என்ன சொன்னேன்? ரோடு போடுறது என் வேலை, நீ ஓட்டுறதோட நிறுத்திக்கோ என்றேன். அதோடு நிறுத்தினேனா, இதுக்காகவா உன்னைப் படிக்க வச்சேன் என்றும் சொன்னேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் நீ அதற்குள் போனை வைத்துவிட்டாய்.

மகளே, இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நீ லாரி ஓட்டப் போன நாளிலிருந்து இங்கே யார் கேட்டாலும், பெண் வெளிநாட்டில் சரக்குக் கம்பெனியில் மேனேஜர் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். நாலு வருஷமாகச் சொன்ன பொய். அம்மா ஒருநாளும் ஒத்து ஊதியதில்லை, நான் சொல்லும்போதெல்லாம் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். இதை இங்கே எழுதும்போது பேனா தயங்குகிறது, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை டேப்பம்மா வந்தார். தார் கனத்துக்கு ஒப்புதல், தண்ணீருக்கு ஒப்புதல், நடைபாதைக்கு ஒப்புதல், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே நடக்கிறேன். கடைசியில் வட்டத்தின் நடுவில் ஆணி அடித்து டேப்பை இழுத்தார். எட்டு எண்பத்தைந்து. வேறு இடத்தில் இழுத்தார், அங்கேயும் எட்டு எண்பத்தைந்து. சுற்றிலும் அரை அடி குறைச்சல். எப்படி வந்தது என்று எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. நேர் ரோட்டில் நாங்கள் கயிறு கட்டிக் கல்லைக் கயிற்றுக்கு உள்பக்கமாகத்தான் நிறுத்துவோம், அந்தக் கல்லின் கனத்தை முன்கூட்டியே அகலத்தில் சேர்த்துக்கொண்டுவிடுவோம். முப்பது வருஷப் பழக்கம். வட்டத்திலும் கை பழக்கப்படி கல்லை உள்ளே வைத்தது, கனத்தைச் சேர்க்க மட்டும் தலை மறந்துவிட்டது. நீ கேட்ட அதே கேள்வி. என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா, அரை அடிதானே அம்மா என்று இழுத்துப் பார்த்தேன். அவர் புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை.

"அண்ணே, வீடு எரியும்போது வர்ற வண்டிக்கு அரை அடியும் ஒரு அடிதான்."

பத்து நாள் கொடுத்தார். அதற்குள் சரி பண்ணினால் மறுபடி வந்து பார்ப்பார், தவறினால் மழைக்காலம் முடிந்துதான் அடுத்த பார்வை. இருபத்திரண்டு குடும்பமும் வாடகை வீட்டில் மூட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறது, பிள்ளைகளுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கியாகிவிட்டது. ஒன்பதாம் எண் வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாதவனைப் பார்க்கிற பார்வை.

மறுநாள் காலையில் குப்பை லாரி ஓட்டுகிறவரைக் கெஞ்சிக் கூட்டிவந்து வட்டத்தில் ஒருமுறை திருப்பிக் காட்டச் சொன்னேன். முன் சக்கரம் அழகாகப் போனது, பின் சக்கரம் கழுத்தில் கல்மேல் ஏறிக் கல்லைப் பிளந்துவிட்டு இறங்கியது. நீ சொன்ன இடம், ஒரு கை அகலம்கூடத் தள்ளி இல்லை. அரை அடியைச் சரிசெய்தால் டேப் ஒப்புக்கொள்ளும், ஆனால் கழுத்தில் சக்கரம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், புத்தகம் அந்தக் கழுத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. வாடிய முகத்தோடு வீட்டுக்கு வந்து தண்ணீர் குடிக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன், உன் அம்மா கதவில் கையை வைத்து மறித்து, திறக்கிறதுக்கு முன்னாடி கதவைப் பாருங்க என்றாள். அங்கே நீ டீசல் ரசீதின் பின்பக்கத்தில் வரைந்து அம்மாவுக்கு அனுப்பின படம். கழுத்தை எப்படி விரித்துவிட வேண்டும், பின் சக்கரம் எந்த வளைவில் வரும், எங்கே எத்தனை அடி கூட வேண்டும், எல்லாம் போட்டிருக்கிறாய். அவள் அதைக் கடையில் பெரிதாக அச்சடித்துக் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ஒரு மாதமாக நாளைக்குப் பத்துத் தடவை அந்தக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன், ஏதோ சமையல் குறிப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்களா பாக்கணும்னு இருந்தேன் என்றாள். அவளோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் அவள் பொறுமையின் அளவு எனக்குத் தெரியவில்லை.

படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். நாற்பத்தொரு கல்லைப் பெயர்த்தோம். வட்டத்தை அரை அடி வெளியே தள்ளியது புத்தகத்துக்காக, கழுத்தை இரண்டு பக்கமும் விரித்தது உன் படத்துக்காக. விரித்ததில் ஒரு பக்கம் பொது இடம், மறுபக்கம் நம் வீட்டு முன்வாசல். நம் மனையில் ஓர் ஓரமாக இரண்டடி போனது, அம்மா பூச்செடி வைக்க என்று கோடு போட்டு வைத்திருந்த இடம். எப்படிச் சொல்வது என்று நான் மென்று விழுங்குவதற்குள் அவளே வந்து அந்தக் கோட்டைக் காலால் அழித்துவிட்டு, செடி மாடியில வளரும், வண்டி மாடியில திரும்புமா என்றாள். நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டோம். எட்டாம் நாள் சாயங்காலம் கடைசிக் கல் உட்கார்ந்தது. தலைமையாசிரியர் வீட்டிலிருந்து ஆட்கள் எல்லோருக்கும் டீ வந்தது, ஆக பாதி மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் டேப்பம்மா வந்தார், இந்த முறை டேப்போடு நிற்கவில்லை, தீயணைப்பு நிலையத்திலிருந்து இருப்பதிலேயே நீளமான வண்டியையும் வரச் சொல்லியிருந்தார். தெருவில் எள் போட்டால் எள் விழாது, இருபத்திரண்டு குடும்பமும் நடைபாதையில் நிற்கிறது, பிள்ளைகள் மதில்மேல். டேப் ஒன்பது காட்டியது. பிறகு அந்தச் சிவப்பு வண்டி காம்பில் நுழைந்து கழுத்துக்கு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள், கிள்ளினாள் என்பதுதான் சரி. ஒரே மூச்சில், ஒருமுறைகூடப் பின்னால் எடுக்காமல், எந்தக் கல்லையும் தொடாமல் வண்டி முழு வட்டம் அடித்து வந்த வழியே போய் நின்றது. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாயெல்லாம் வந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை, இந்த வயதில் ஆடினால் நன்றாக இருக்காது என்று அடக்கிக்கொண்டேன்.

வண்டி ஓட்டியவர் இறங்கி வந்தார், நரைத்த மீசை, முப்பது வருஷம் ஸ்டீயரிங் பிடித்த கை. கழுத்தைக் குனிந்து பார்த்தார், காலால் அளந்தார், இப்படி விரித்துவிடச் சொல்லிப் புத்தகத்தில் இல்லையே, பெரிய வண்டி ஓட்டியவர்களுக்குத்தானே இது தெரியும், யார் சொல்லிக் கொடுத்தது என்று என்னைக் கேட்டார். டேப்பம்மாவும் நிமிர்ந்து பார்த்தார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். அனுபவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாராட்டெல்லாம் எனக்கே வந்திருக்கும், அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை. பையிலிருந்து உன் படத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"என் பொண்ணு போட்டுக் கொடுத்தது. அவ லாரி ஓட்டுறா. பதினெட்டுச் சக்கரம்."

தலைமையாசிரியர் விட்டாரா, மேனேஜர்னு சொன்னீங்களே என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மேனேஜர் இல்லீங்க, டிரைவர், நான்தான் பொய் சொல்லிட்டு இருந்தேன் என்றேன். நாலு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல், அதையும் அன்றைக்கே பெயர்த்துப் போட்டாகிவிட்டது. யாரும் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை மகளே. அந்த ஓட்டுநர் படத்தை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, பதினெட்டா, எனக்கு பத்துக்கே மூச்சு வாங்குது என்றார். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு அக்கா எப்போது லாரியோடு வருவாள் என்று கேட்டு நச்சரித்துவிட்டார்கள். டேப்பம்மா ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, உன் படத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார், அலுவலகத்தில் காட்ட வேண்டுமாம். உன் அம்மா இந்த முறை எழுந்து எங்கேயும் போகவில்லை, அங்கேயே நின்று அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான், ஆனால் நான் தூசி என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த வாரம் எல்லோரும் குடிபோகிறோம். நீ போனில் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்ததையும், படிக்க வைத்ததைச் சொல்லிக் காட்டியதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. உன்னைப் படிக்க வைத்தது வீண் போகவில்லை, உன் அப்பாவுக்குத்தான் பாடம் கொஞ்சம் தாமதமாக ஏறியது. தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டு, நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட்டாதே, முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள், அம்மா ஒன்று தைத்து வைத்திருக்கிறாள். மழையில் வேகம் வேண்டாம். போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல ரோடாக அமையட்டும், எங்கள் இரண்டு பேருடைய ஆசீர்வாதமும் எப்போதும் உன் கூடவே வரும்.

மறக்காமல் ஒன்று செய். நீ உன் லாரிப் பக்கத்தில் நிற்கிற படம் ஒன்று அனுப்பு. முகம் மட்டும் தெரிகிற படம் வேண்டாம், வண்டி முழுக்கத் தெரிய வேண்டும், பதினெட்டையும் எண்ணுகிற மாதிரி. புது வீட்டுக் கூடத்தில், வாசலில் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
லாரி டிரைவரின் அப்பா