பெயர் வைக்கும் மாநாடு

1979, மே 3, வியாழன்

கத்திரி நாளைதான் தொடக்கம். இன்றே கிணற்றுக் கயிறு சுடுகிறது. துணி துவைத்தேன். பாப்பா சட்டைகள், இவருடைய மன்றத் துண்டு.

ஞாயிறு திருச்சியில் இவருடைய நடிகருக்கு ரசிகர் மன்ற மாநாடு. எனக்கு இதுதான் முதல் தடவை. தலைவர் வாயால் பாப்பாவுக்குப் பெயர் வைக்க வேண்டுமாம். பிறந்து ஏழு மாதம், இதற்காகவே பெயரில்லாமல் கிடக்கிறாள். மேடைக்கு அருகே உட்கார டிக்கெட் தனி. என் வளையல் ஒன்று அடகுக்குப் போயிற்று. கேட்கக்கூட இல்லை, கழற்று என்றார்.

இவர் வேலைக்குப் போனபின் நான் அவளை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அதை இங்கேயும் எழுத மாட்டேன். எழுதினால் கண் பட்டுவிடும் போல இருக்கிறது.

மே 5, சனி

எடுத்துப்போக: துணி, புட்டி, வசம்பு, ஃபிளாஸ்க்கில் காய்ச்சி ஆறிய தண்ணீர். பையை நான்தான் கட்டினேன். "பைய நான் தூக்கியாறேன், நீ புள்ளய தூக்கு" என்றார். என்றைக்கும் இல்லாத கரிசனம்.

காரைக்கால் ரயிலில் பேரளம். அங்கே மதுவிலக்குப் போலீஸ். எங்கள் ஊரில் கடையில் விற்கும் சரக்கு தமிழ்நாட்டுப் பக்கம் குற்றம். ஒவ்வொரு பையாகக் குடைந்தார்கள். என் இடுப்பில் பிள்ளையைப் பார்த்ததும் "நீங்க போங்கம்மா" என்றார் ஒருவர். இவர் நெற்றியில் வியர்வை. வெயில் என்று நினைத்தேன்.

மே 7, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை.

மாநாட்டு வாசலில் மாவட்டவாரியாக வரிசை. இவர் கூட்டாளிகள் எல்லாம் மாயவரம், நன்னிலம். அவர்களோடு தஞ்சாவூர் வரிசையில் நின்றோம். வெயில் உச்சிக்கு வந்தபோது பேட்ஜ் குத்தியவன், "காரைக்காலா? நீங்க பாண்டிச்சேரில்ல, அந்தப் பக்கம் போங்க" என்றான். பாண்டிச்சேரி வரிசையில், "எங்க லிஸ்ட்டுல காரைக்காலே இல்லியே." மறுபடி தஞ்சாவூர். பாப்பா உதட்டை நக்கினாள். ராத்திரியெல்லாம் வேண்டியதை இவரே எடுத்துக் கொடுத்த பையை முதல் தடவையாக நான் திறந்தேன். ஃபிளாஸ்க் இல்லை. அவள் துணிகளில் சுற்றி இரண்டு பிராந்தி பாட்டில்.

"எடம் பத்தல. ஃபிளாஸ்க்க வூட்டுலயே வச்சிட்டேன். காரைக்கால்லேர்ந்து வெறுங்கையோட போனா ஒருத்தனும் மதிக்க மாட்டானுவோ."

பாட்டிலைக் கண்டதும் பேட்ஜ்காரன், "வாங்கண்ணே, வாங்கண்ணே!" அதற்குமேல் யாரும் மாவட்டம் கேட்கவில்லை.

உள்ளே எங்கு பார்த்தாலும் ஆண்கள். விசில், பீடிப் புகை. பால் கொடுக்க ஒரு மறைவில்லை. முந்தானையை இழுத்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. பந்தல் ஓரத்தில் துருப்பிடித்த டிரம்மில் தண்ணீர், எல்லோருக்கும் ஒரே குவளை. "குடு, ஒண்ணும் ஆவாது" என்றார். புட்டியில் பிடித்துக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

தலைவர் சாயங்காலம் வந்தார். அவ்வளவு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் கட்டைவிரல் அளவு தெரிந்தார். ஆளாளுக்குப் பிள்ளைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள். மேடைக்கு யாரையும் விடவில்லை. மைக்கில் சொல்லிவிட்டார்: ஆண் பிள்ளைகளுக்கெல்லாம் வெற்றிச்செல்வன், பெண் பிள்ளைகளுக்கெல்லாம் வெற்றிச்செல்வி. சந்தையில் கோழிக்குஞ்சுகளுக்குச் சாயம் முக்குவதுபோல் மொத்தமாக. இவர் அழுதார், சந்தோஷத்தில். ஓங்கி ஒன்று விடலாம் போல இருந்தது எனக்கு.

திரும்பி வரும்போது ரயிலிலேயே வயிற்றுப்போக்கு ஆரம்பித்துவிட்டது.

மே 9, புதன்

காரைக்கால் ஆஸ்பத்திரி. கண் குழி விழுந்துவிட்டது. காலில் ஊசி ஏற்றி குளுக்கோஸ். பக்கத்துக் கட்டில்காரி பிள்ளைக்கு மாந்தம் என்கிறாள். எனக்குத் தெரியும் என்னவென்று.

நர்ஸ், "பாப்பா பேரு?"

"வெற்றிச்செல்வி" என்றார் இவர். நர்ஸ் கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை. இவர் டீ குடிக்கப் போனபோது காதருகே குனிந்து நான் கூப்பிடும் பெயரைச் சொன்னேன். இமை அசைந்தது. அசைந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மே 10

விடியற்காலை போய்விட்டாள்.

மே 12, சனி

வெயில் குறையவில்லை. மன்றத்தார் மாலையோடு வந்தார்கள். "தலைவர் வச்ச பேரப் போட்டு நோட்டீஸ் அடிச்சிரலாமாண்ணே?" இவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

அடுக்களையில் ஃபிளாஸ்க் நின்றது. திறந்தேன். போன சனிக்கிழமை காய்ச்சிய தண்ணீர் அப்படியே இருந்தது. கொட்ட மனம் வரவில்லை, மூடி வைத்தேன்.

பொம்பளைகள் இடுகாட்டுக்குப் போகக் கூடாது. அன்று துணியில் சுற்றி இவர்தான் தூக்கிப் போனார். இன்று சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"குழி வெட்டுனவன் பேரச் சொல்லி மண்ணு போடுங்கன்னான். எனக்கு வாயில அந்தப் பேரு வரல. சும்மாதான் போட்டேன். நீ ஏதோ பேரு சொல்லி கூப்புடுவியாமே, அடுத்த வூட்டுல சொன்னாங்க. என்ன பேரு அது? சொல்லு புள்ள."

பால் கட்டிக்கொண்டு வலி. சொல்லவில்லை.