சுமதி வண்டியும் என் வண்டியும்

ஆடி 24, சனி

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் பக்கத்துக் கொய்யாத் தோப்பில். பொறுக்கி வர இரண்டு நடை.

பதினொரு மணிக்கு சுமதி வந்தாள், புது வண்டியில். என் கொழுந்தன் ஓட்ட, இவள் பக்கத்தில். ஆனி மாதமே எடுத்தாச்சாம். ஒரு மாதமாக மூச்சு விடவில்லை. கறுப்பு. ஆள் உயரம். கூரை தானாகத் திறக்கிறது. தெருவே கூடிவிட்டது.

"உள்ள ஏறிப் பாருங்கக்கா. சீட்டு பிளாஸ்டிக்க இன்னும் பிரிக்கல, பாத்து."

பாத்து என்றால் என்ன அர்த்தம்? என் சேலையில் மண் இருந்தது. அதுதான்.

ஒரே வீட்டுக்கு இரண்டு மருமகள்களாக வந்தோம். நான் மூத்தவள். மிக்சி, ஃபிரிட்ஜ், மாடி வீடு எல்லாம் எனக்கு வந்த பிறகுதான் அவளுக்கு. இது மட்டும் முந்திவிட்டது. பதிமூன்று வருடமான என் பழைய வண்டி அதன் பக்கத்தில் நின்றது. பார்க்கவே பொறுக்கவில்லை.

வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை. இனி இந்த நோட்டில் அவள் பெயரை முழுதாக எழுதப்போவதில்லை. சு. போதும்.

ஆடி 26, திங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட், பிறகு கொடைக்கானல். எங்கள் மூன்று ரூம் லாட்ஜுக்கு:
தக்காளி ஒரு கூடை
சி. வெங்காயம்
வெளுத்த பெட்ஷீட் 12
ஹீட்டர் காயில் (மறந்தேன்!)

சு.வும் கூட வந்தாள். "தனியாப் போறீங்களே, நானும் வரட்டாக்கா?" அவ்வளவு பெரிய வண்டியை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த ஓட்டை வண்டியில் எதற்கு? பாவம் பார்க்க வந்தாளோ என்னவோ. வழியெல்லாம் மலையைப் பார்க்கவில்லை, என் கையையும் காலையும்தான் பார்த்தாள்.

"ஏங்க்கா, இந்த ரெண்டாவது கியரு மட்டும் எப்படிப் போடுறீங்க? எங்க அவுக இத எடுத்துட்டுப் போறப்ப போட்டா கர்ருங்குது."

பெருமை பொங்கிவிட்டது. அந்தக் கியர் என்னைத் தவிர யாருக்கும் மசியாது. "கிளட்ச முழுசா மிதிச்சிரணும். ஒரு நொடி சும்மா விடணும். அப்பறம் இடப்பக்கமாச் சாச்சு மெதுவா இழுக்கணும். வெரசா இழுத்தா வராது, கெஞ்சினாத்தான் வரும்."

என் வீட்டுக்காரர் மலையில் ஓட்டமாட்டார். வண்டி வாங்கிய வாரமே மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் தலைசுற்றி வாந்தி. அன்றைக்கு ஸ்டீயரிங் என் கைக்கு வந்தது. லைசென்ஸ் எடுத்தேன். இந்தக் குடும்பத்தில் ஓட்டத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். சு. எத்தனை வண்டி வாங்கினாலும் பக்கத்து சீட்தான்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன், நாமும் ஒன்று எடுப்போம் என்று.

"புலியப் பாத்துப் பூனை சூடு போட்டுக்கிட்ட கதை."

"போட்டுக்கிட்டாப் போகுது."

புதுசுக்கு வழியில்லையாம். கொஞ்சம் ஓடிய வண்டி பார்க்கலாமாம். அதுவும் ஆடி கழியட்டுமாம்.

புதன்கிழமை தோறும் சு. காலையில் பழனிக்குப் போகிறாள். கேட்டால், "ஒரு சோலிக்கா" என்று சிரிப்பு. நகைச்சீட்டாக இருக்கும். அடுத்தது வளையல் வரும்.

ஆடி 29, வியாழன்

கோயம்புத்தூர். வெயில். ஓடிய வண்டிகள் விற்கிற பெரிய கடை. சும்மா பார்ப்பதற்கு ஆடி தடையில்லை.

வெள்ளை. வெளிநாட்டுக் கம்பெனி. ஒரு டாக்டர் ஒன்றரை வருடம் வைத்திருந்தாராம். உட்கார்ந்தால் எழ மனசில்லை. சு. வண்டியைவிட நீளமா என்று கேட்டேன். விற்கிற பையன் சு. யார் என்று தெரியாமல் விழித்தான். அவர் தலையில் அடித்துக்கொண்டார். சாணளந்து பார்த்தேன். நம்முடையது முக்கால் சாண் கூட!

விலையை இங்கே எழுதமாட்டேன்.

ஆவணி 5, வியாழன்

வந்துவிட்டது. வாசலில் நிற்கிறது. நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

பழையதிலிருந்து எடுத்தவை: குடை, திருநீற்றுப் பொட்டலம், ஊறுகாய்ப் பாட்டில், என் கண்ணாடி (போன வருடம் தொலைத்தது!), காய்ந்த கொய்யா பாதி.

மெக்கானிக் முருகேசன் வந்து பழையதை எடுத்துப்போனான், விற்றுத் தர. "யாருக்கு வேணும்னாலும் குடு. யாருன்னு மட்டும் எனக்குச் சொல்லாத" என்றேன். தெருமுனையில் கியர் கர்ரென்றது. கொஞ்சம் அழுகை வந்தது. எதற்கு என்று தெரியவில்லை.

ஆவணி 6, வெள்ளி

இன்று செய்த காரியத்தை யாரிடமும் சொல்ல முடியாது. இங்கே எழுதிவைக்கிறேன்.

பழனியில் கார் சாமான் கடையில் சீட் முழுக்க மூடுகிற பிளாஸ்டிக் உறை வாங்கினேன். "ஓடின வண்டிக்கு இது எதுக்குங்க?" என்றார் கடைக்காரர். தூசி வரும் என்றேன். நானே மாட்டினேன். இப்போது யார் பார்த்தாலும் ஷோரூமிலிருந்து வந்ததாகத்தான் நினைப்பார்கள்.

பிறகு அடிவாரத்தில் பூசை. மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். "புது வண்டிதானேம்மா?" என்று பூசாரி கேட்டார். என் வீட்டுக்காரர் வாய் திறக்குமுன் நான் ஆமாம் என்றேன். முருகன் சந்நிதிக்கு எதிரிலேயே பொய்.

பழத்தை நசுக்க நான் ஏறப்போனேன். "ஐயா ஏறட்டும்மா, அதான் முறை" என்றார் பூசாரி. வீட்டுக்காரர் ஏறினார். பொய் சொன்ன வாயால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

ஆவணி 8, ஞாயிறு

சு. வந்து பார்த்தாள். இந்த நாளுக்காகத்தானே எல்லாம். சுற்றி வந்தாள், கதவைத் தடவினாள்.

"நல்லா இருக்குக்கா."

அவ்வளவுதான். முகத்தில் ஒரு பொறாமை வேண்டாமா? உள்ளே உட்கார்ந்தாள், பிளாஸ்டிக் கிரீச்சென்றது. அதைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து கேட்டது இது:

"நீங்க ஓட்டிப் பாத்துட்டீங்களாக்கா?"

இனிமேல்தான் என்றேன்.

"பழச எங்க விட்டீங்க?"

"முருகேசன் பட்டறையில கெடக்கு. காயலாங்கடைக்குத்தான் போகும்."

சிரித்தாள். என்ன சிரிப்போ.

ஆவணி 9, திங்கள்

மார்க்கெட் நாள். சாவியைக் கேட்டேன்.

"இது ஆட்டோமேட்டிக். உனக்குப் பழக்கமில்ல. ஒரு கீறல் விழுந்தா என்னாகும் தெரியுமா? நான் ஓட்டுறேன்."

"மலையில தலை சுத்துமே?"

"இந்த வண்டியில சுத்தல."

உண்மையிலேயே சுற்றவில்லை. அடிவாரத்தில் ஏறியவர்தான், இன்னும் இறங்கவில்லை. தக்காளிக் கூடை ஏற்றக்கூடாதாம், மினிவேனில் அனுப்பினோம். எனக்குத்தான் வளைவுக்கு வளைவு குமட்டல். பிளாஸ்டிக் மேல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சறுக்கிக்கொண்டே போனேன். வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடுகிறது. அங்கே ஒன்றுமில்லை.

ஆவணி 12, வியாழன்

திங்கட்கிழமை ஏறியவர்கள் இன்னும் கொடைக்கானலில்தான். இரண்டு நாளாக மழை, லாட்ஜில் ஆளில்லை. பூம்பாறைப் பூண்டு எடுக்கப் போகலாம் என்றேன். "பூண்டா? இந்த வண்டியிலயா? ஆறு மாசத்துக்கு நாத்தம் போகாது" என்கிறார். பதிமூன்று வருடம் பூண்டு வாசத்தில்தான் மலை ஏறினேன், இறங்கினேன்.

சாவியை மறுபடி கேட்டேன். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

பொறாமை என்று எழுத வெட்கம். இந்தத் தடவை சு. மேல் இல்லை. கட்டிய புருஷன் மேல்.

ஆவணி 13, வெள்ளி

மழை விட்டது. காலை எட்டுக்குப் பழனிக்கு இறங்கினோம். அவர் ஓட்டினார். நான் பிளாஸ்டிக்கில்.

பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி. கீழேயிருந்து ஹாரன். எனக்குத் தெரிந்த ஹாரன், நடுவில் கம்மிப்போகும். என் பழைய வண்டி ஏறி வருகிறது. கழுவித் துடைத்திருந்தது. பக்கத்து சீட்டில் முருகேசன். ஸ்டீயரிங்கில் சு.

"அட, நம்ம சுமதி! புதன்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்குப் போறான்னு தம்பி சொன்னான். நான் நம்பல."

அவர் சொல்லச் சொல்ல என் காது மட்டும் வெளியே. அந்த வளைவில் இரண்டாவது கியருக்கு மாறியே ஆகவேண்டும். கர்ரென்று கேட்கவேண்டும், வண்டி நின்றுபோகவேண்டும், முருகன் மேல் ஆணை, அப்படித்தான் வேண்டினேன். சத்தமே இல்லை. வெண்ணெய் போல விழுந்தது.

பக்கத்தில் வந்ததும் தலையை வெளியே நீட்டினாள். வேர்த்து, முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! நீங்க சொன்ன மாதிரிக் கெஞ்சினேன், விழுந்திருச்சு! பூம்பாறைக்குப் போறேன், பூண்டெடுக்க. உங்களுக்கும் ரெண்டு கிலோ எடுத்தாரட்டா?"

மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. அவர் ஓரம் கட்டினார். அவள் போனாள்.

எடுத்து வா என்றேன்.