கொழுத்த வயிற்றுத் துண்டு

தூண்டில் ராணிக்கு,

நேற்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. அதனால்தான் இந்தச் சீட்டு.

நீ ஏரியில் பிடித்த மீனில் ஃப்ரீசரில் மிச்சமிருக்கும் பாதியை இன்று சமைக்காதே. மாசமாக இருக்கும் உன் தங்கை மத்தியானம் சாப்பிட வருகிறாள். அவளுக்கு முட்டை பொரித்துக் கொடு. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடு.

நேற்று அந்த மீன் வேண்டாம் என்றதற்கு, "என் தூண்டில் மேல உங்களுக்குப் பொறாமை" என்றாய். இருக்கலாம். நான் இதுவரை பிடித்தது ஒரு பழைய செருப்புதான். ஆனால் ஏரி மீனைப் பரிசோதிப்பது என் பிழைப்பு அம்மணி! வயலில் அடிக்கிற பூச்சிமருந்தும் ஆலைக் கழிவும் ஏரிக்கு வந்து, மீனின் கொழுப்பில் சட்டமாக உட்கார்ந்துகொள்கின்றன. கழுவினாலும் போகாது, வறுத்தாலும் போகாது. வயதான பெரிய மீன் என்றால் இன்னும் அதிகம். இனிமேல் சின்னதாகப் பிடி. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிடு.

வெட்டியதைப் பூனைக்கும் போடாதே. போன வாரம் உன் மீனில் ஒரு துண்டு காணாமல் போனதற்குப் பூனையைத் திட்டினாயே, அதை ஆய்வகத்துக்குத் திருடிக்கொண்டு போனது நான்தான். பூனையிடம் மன்னிப்புக் கேட்டுவிடு.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று அவ்வளவு கோபத்திலும் கொழுத்த வயிற்றுத் துண்டை வழக்கம்போல என் தட்டில்தான் வைத்தாய். எல்லாம் தெரிந்தும் சாப்பிட்டேன். நீ பேசாத வீட்டில் அதுவாவது என் பக்கம் வந்ததே.

இனிமேல் என்மேல் பாசம் வந்தால், மீனில் முள் எடுத்துக் கொடு. போதும்.