ராஜா ஏறாத கார்

என்மேல் வைத்ததைவிடப் பழைய கார்கள்மேல் அதிகப் பாசம் வைத்திருந்த என் அண்ணனுக்கு,

உன் பெயரைப் பலகையில் போட்டுவிட்டார்கள். சந்தோஷமா? பழைய கார்களை வாங்கிச் சேர்க்கிற அந்த முதலாளி, திண்டுக்கல் பைபாஸில் புது ஹோட்டல் திறந்திருக்கிறார். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் அந்தக் கறுப்புக் கார் நிற்கிறது. ‘ராஜா பவனி வந்த கார்’ என்று பெரிதாக எழுதி, அடியில் ‘ஆய்வு: மோட்டார் வரலாற்று எழுத்தாளர் செல்வின்’ என்று போட்டிருக்கிறார்கள்.

வாழ்நாள் முழுக்கக் கார், பஸ், லாரிகளின் பூர்வீகத்தைத் தேடித் தேடி எழுதினாய். அலைந்தது என்னவோ டவுன் பஸ்ஸில்தான். முதலாளி வரலாறு எழுதித் தரச் சொன்ன அந்தக் காருக்காக நிலக்கோட்டைக்கு எத்தனை நடை! பின்சீட்டைக் கழற்றிவிட்டு மதுரைக்குப் பூ மூட்டை ஏற்றிய வண்டி அது என்று விசாரித்து வந்தாய். முதலாளியின் முகம் சுருங்கிப்போனது.

"ஒரு ராஜாவச் சேத்து எழுதுங்க சார். யாரு வந்து கேக்கப் போறா?"

"ராஜா ஏறல, மல்லியப்பூதான் ஏறுச்சு. அதுல என்ன கேவலம்?" என்று எழுந்து வந்துவிட்டாய்.

அதற்குப் பிறகு பழைய கார் வைத்திருந்த ஒருவரும் உன்னைக் கூப்பிடவில்லை. நீ எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையும் மெல்லக் கைகழுவியது. உன் புத்தகத்தை எந்தப் பதிப்பாளரும் தொடவில்லை. உள்ளதைச் சொன்னதற்கு இம்புட்டுத் தண்டனையா அண்ணே?

கல்லறையிலிருந்து எழுந்து வந்து நீ வாய் திறக்க மாட்டாய் என்ற தைரியம் அவருக்கு. நேரிலேயே போய்க் கேட்டேன். "அண்ணனுக்கு ஒரு மரியாதைதானம்மா? காபி சாப்பிட்டுப் போங்க" என்கிறார்.

உன் வீட்டில் நடப்பது அதைவிடக் கொடுமை. மதினி அந்தப் பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். பெயரை எடுக்கச் சொல்லலாம் என்று நான் சொன்னதும் அழுதுவிட்டார்.

"இருந்தவரைக்கும் உங்க அண்ணன இந்த ஊர்ல யாரு மதிச்சா? இப்பத்தான் பேரு போட்டுருக்காக. அதையும் கெடுக்கணுமா தாயி?"

அவர் கேட்டதில் தப்பில்லை. அந்த வேதனையை உன்னோடு சேர்ந்து அனுபவித்தவர் அவர்தானே?

ஆனாலும் மனசு ஆறவில்லை அண்ணே. எந்தப் பொய்யை எழுத மாட்டேன் என்று பிழைப்பையே இழந்தாயோ, அதற்கே உன்னைச் சாட்சியாக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மதினி என்னோடு பேசாமல் போனாலும் போகட்டும். இந்த ஊரில் உன் பெயர் இருக்கிற ஒரே பலகை அது. அதிலிருந்து உன் பெயரை அழிக்க வைக்காமல் விடமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
ஜெசிந்தா