ஒரு மணி நாற்பத்தோராவது நிமிடம்

படம் தொடங்கும் முன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொள்ளும் என் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தில் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதப் போகிறேன். என்னைப் பற்றி நல்லதாக இல்லாததையும் விடாமல் எழுதுவேன். படிக்கிற மற்றவர்கள் என்னை மோசமானவள் என்று நினைத்தால் நினைக்கட்டும். நீங்கள் நினைக்க மாட்டீர்கள் என்ற தைரியம்தான்.

முதல் செய்தி, உங்கள் ப்ளூரே பிளேயர் போய்விட்டது. நீங்கள் போன பிறகு அந்த அறையை நான் திறக்கவே இல்லை. ஆறாம் மாதம் ஒரு நாள் துணிந்து திறந்து, ரிமோட்டை அழுத்தினேன். உள்ளே நம் டிஸ்க்தான் இருந்தது. தீவில் கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தங்கை கதை. ஞாயிற்றுக்கிழமை பாதி பார்த்துவிட்டு, மீதியை அடுத்த ஞாயிறு பார்ப்பதாக நிறுத்திய படம். அந்த வியாழக்கிழமை, அரியலூரில் ஷிப்ட் முடிந்து ஆலை வாசலுக்கு வந்த நீங்கள் அங்கேயே சரிந்துவிட்டீர்கள்.

எங்கே நிறுத்தினோம் என்று என் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். தங்கை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படகை நோக்கி நடக்கிறாள். ஏறுவாளா, மாட்டாளா? ஆறு மாதமாக அதை நினைத்துக்கொண்டுதான் தூங்கப் போவேன்.

உங்கள் பிளேயருக்கு ஒரு பழக்கம் உண்டே, மின்சாரம் போனாலும் விட்ட இடத்தை மறக்காது. அன்றைக்கும் மறக்கவில்லை. திரையில் எழுந்தது ஒரு மணி நாற்பத்தொன்று. ஒரு வெற்று அறை, ஒரு நாற்காலி, அவ்வளவுதான் தெரிந்தது. உடனே படம் உறைந்து, உள்ளே ஏதோ கரகரத்து, டிஸ்க் இல்லை என்று சொல்லிவிட்டது. பிறகு அது உயிர் பெறவே இல்லை.

அப்பா, ஒருவர் இல்லாமல் மற்றவர் மேலே பார்க்கக் கூடாது என்பது நம் சட்டம். நீங்கள்தான் போட்டீர்கள். பிறகு யாரோடு பார்த்தீர்கள்? அந்த இருபத்தொன்பது நிமிடத்தை யாருக்குக் கொடுத்தீர்கள்? யாரிடமும் கேட்கவில்லை. பல்லில் சிக்கிய நார் மாதிரி வைத்துக்கொண்டே இருந்தேன்.

புது பிளேயர் வாங்கினால்தான் மீதியைப் பார்க்க முடியும். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் கேட்டேன். "டிஸ்க்கா? இன்னும் யாரும்மா டிஸ்க் போட்டுப் பாக்குறா?" என்று கடைக்காரர் சிரித்தார். டிவியின் முதுகில் சொருகி நெட்டில் படம் பார்க்கும் குச்சி ஒன்றை எடுத்து நீட்டினார். இணையத்தில் தேடினேன். 4கே பிளேயர் நம் டிவிக்கு வீண் என்று கண்டுபிடித்து, சாதாரண ப்ளூரே ஒன்றை வரவழைத்தேன். எல்லாம் யோசித்தவள் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. டிஸ்க்கைப் போட்டதும், இது வேறு மண்டலத்து டிஸ்க், ஓடாது என்றது.

அதற்குப் பிறகுதான் உங்கள் டிஸ்க் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் குட்டியாக ஓர் உலக உருண்டை, நடுவில் பி என்ற எழுத்து. உலகத்தை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். நம் நாட்டுக்கு சி, வளைகுடாவுக்கு பி. உங்கள் டிஸ்க்கெல்லாம் என் வகுப்புத் தோழி ரஹ்மத்தின் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்தவை. பழைய பிளேயரும் அவர் கொண்டுவந்ததுதான். பெரம்பலூரில் உட்கார்ந்துகொண்டு நாம் இத்தனை வருஷம் துபாய்க்காரர்களாகப் படம் பார்த்திருக்கிறோம்.

வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, ரஹ்மத் மூலமாக அவள் அத்தாவிடம் பேசினேன். உங்கள் ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார், பார்த்து எந்தப் பிளேயர் பொருந்தும் என்று முடிவு செய்தார். போன வாரம் அதை வாங்கிக்கொண்டு விடுப்பில் ஊருக்கு வந்தார். அம்மாவும் நானும் லப்பைக்குடிக்காட்டுக்கு பஸ் ஏறிப் போனோம்.

உண்மையை எழுதுவதாகச் சொல்லிவிட்டேன், எழுதுகிறேன். அங்கே எனக்கு ரஹ்மத்தைப் பிடிக்கவில்லை. அவள் அத்தா பிளேயரைத் தன் டிவியில் மாட்டி, ஓட்டிக் காட்டி, ஒவ்வொரு பொத்தானையும் விளக்கினார். நான் குறிப்பெடுத்தேன். அவள் அவர் தோளில் சாய்ந்துகொண்டு கொட்டாவி விட்டாள். அத்தா பேசும்போது கொட்டாவி விடுகிற அளவுக்கு அவளிடம் அத்தா மிச்சம் இருக்கிறார். என்னிடம் ஒரு மாலைப்பொழுதுக்குக்கூட இல்லை.

புறப்படும்போது அவர் அம்மாவிடம் சொன்னார்: "தங்கச்சி, மச்சான் கடைசியா போன் பண்ணப்ப ஒண்ணு கேட்டாரு. அடியில தமிழ் எழுத்து ஓடுற டிஸ்க்கு கெடைக்குமான்னு. வூட்டுல அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, புள்ளையும் நானுமே பாக்குறோம்னு சங்கடப்பட்டாரு. தேடுனேன், கெடைக்கல."

அம்மா தலையை ஆட்டினாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டவள் பெரம்பலூர் வரும்வரை திரும்பவில்லை. எனக்கு அவள்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது வேறு. என்னிடம் சொல்லாமல் இவளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்களே என்றுதான் இருந்தது.

நேற்று மாட்டினேன். முதலில் பாட்டும் அலைச்சத்தமும் வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை. கையேட்டை முழுதும் படித்து, ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும்படி மாற்றியதும் பேச்சுக்கென்றே உள்ள நடு ஸ்பீக்கர் பேசியது. நீங்கள் இருந்திருந்தால் என் முதுகில் தட்டியிருப்பீர்கள். புது பிளேயருக்கு நம்மைத் தெரியாது. டிஸ்க்கைப் போட்டதும் முதலிலிருந்து தொடங்கியது. பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, தெரிந்த இடத்துக்கே போனேன். ஒரு மணி பன்னிரண்டு. தங்கை, டிரங்குப் பெட்டி, படகு.

டீ கொண்டுவந்த அம்மா கதவருகே நின்று திரையைப் பார்த்தாள்.

"இவ ஏறமாட்டா. திரும்பி வந்துருவா," என்றாள்.

படத்தை நிறுத்தினேன். "ஒனக்கு எப்படித் தெரியும்? நீயாப் பாத்த? என்னைய வுட்டுட்டு நீயா பாத்த?" என்று கத்தினேன். அது எங்கள் படம் என்றும் கத்தினேன்.

அம்மா டம்ளரை ஸ்பீக்கர் மேல் வைக்கப் போய், உங்கள் ஞாபகம் வந்ததோ என்னவோ, கீழே வைத்தாள். "உங்கப்பாதான் கூப்ட்டாங்க. புதன்கிழமை. நீ டியூஷன் போயிருந்த. மொதல்லேருந்து போட்டு, ஒவ்வொரு பேச்சையும் தமிழ்ல சொல்லிக்கிட்டே வந்தாங்க."

நீங்கள் எனக்கு ஒரு வரிகூடச் சொன்னதில்லை. நாம் இருவரும் பேசாமல் அடியில் ஓடும் இங்கிலீஷ் எழுத்தைப் படிப்போம். அம்மாவுக்கு உங்கள் குரலிலேயே முழுப் படமும் கிடைத்திருக்கிறது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே, முடிவு என்ன என்று கேட்டேன்.

"தெரியாது. ஆறே முக்காலுக்குக் கொழாயில தண்ணி வந்துருச்சு. நாலு நாளு கழிச்சு வந்த தண்ணி. எந்திரிச்சுப் போயிட்டேன். செத்த நேரம்தான் இருக்கு, ஒக்காருன்னாங்க. கொடம் நெறஞ்சா நெறயுது, இல்லாட்டிப் போவுதுன்னு ஒக்காந்திருக்கலாம்ல?"

அம்மா கதவின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "நீங்க ரெண்டு பேரும் உள்ள சிரிக்கிறது அடுப்படி வரைக்கும் கேக்கும். என்னாடி சிரிப்புன்னு கேட்டா, சொன்னா ஒனக்குப் புரியாதும்மான்னு சொல்லுவ. எத்தன வருசம் கேட்டேன். ஒரு நாளு கூப்ட்டாங்க. அதுக்குத்தான் இந்தக் கத்து கத்துற."

அப்பா, நான் அப்படிச் சொன்னது நிஜம். ஒரு தடவை இல்லை, பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. நீங்கள் அதைக் கேட்டும் என்னைத் திட்டாமல், புதன்கிழமை அவளைக் கூப்பிட்டீர்களா? அல்லது உங்களுக்கே தோன்றியதா? இதை யாரிடம் கேட்பது?

பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. அந்த இருபத்தொன்பது நிமிடமும் உங்கள் முகத்தில் வெளிச்சம் மாறிமாறி விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். எனக்கு அது இனி எந்தப் பிளேயரிலும் வராது. ஆனால் கடைசி இருபது நிமிடம் அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. உங்களுக்கும்தான்.

இன்று ஞாயிறு, மணி மூன்று. தண்ணீர் வரும் நாள்தான். ஆனால் அம்மா நேற்றே பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து எல்லாக் குடங்களையும் நிரப்பி வைத்துவிட்டாள். ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டிருக்கிறாள், நீங்கள் ஆணி அடித்த அதே இடத்தில். எந்த இடத்திலிருந்து போடுவது என்று கேட்டேன். "மொதல்லேருந்தே போடு. நீ சொல்லு, நான் கேக்குறேன்," என்றாள்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். ஒவ்வொரு வரியையும் அவளுக்குத் தமிழில் சொல்வேன். எனக்கு எழுத்து தப்பிப்போனாலும் படத்தை நிறுத்திச் சொல்வேன். புரியாது என்ற சொல்லை இந்த அறையில் இனி சொல்லமாட்டேன். நீங்கள் அவளிடம் எப்படிச் சொன்னீர்களோ, அதை இடையிடையே அவளிடமே கேட்டுக்கொள்வேன். அது எனக்கும் வேண்டும்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் ஒரே மகள்,
தேன்மொழி

அம்மா உங்கள் நாற்காலியை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாய் விரித்துவிட்டாள். எழுந்துபோய் விளக்குகளையும் அணைத்துவிட்டாள்.