ஸ்கேனரில் தெரிந்த வாத்து

நம் தாரிக்கின் அம்மாவுக்கு ஸலாம். உன் முட்டிவலி தேவலையா?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நேற்று வேலையில், விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் ஸ்கேனர் திரையில், கெய்ரோ பயணி ஒருவரின் கைப்பைக்குள் பொரித்த வாத்தைப் பார்த்து வாயூறி நின்றுவிட்டேன். பக்கத்திலேயே கிடந்த கத்தி தெரியவில்லை. மேற்பார்வையாளர் பவ்ஸிதான் பிடித்தார்.

“யோவ் ஷௌகி, மனசு எதைத் தேடுதோ, மூளை அங்கதான்யா லைட் அடிக்கும். மத்ததெல்லாம் கண்ணு முன்னால இருந்தாலும் இருட்டுதான். வேலைக்கு வந்தியா, விருந்துக்கு வந்தியா?”

அதனால் ஞாயிறன்று எனக்கு ஸ்கேனர் மறுதேர்வு. தவறினால் வேலை போய், ஊருக்கு விமானம். கவலைப்படாதே.

யாராவது இங்கே வந்தால், வெங்காயம் அடைத்து உன் கையால் பொரித்த வாத்து ஒன்று கொடுத்தனுப்பு. ஆசையில்லை, வேலையைக் காப்பாற்றத்தான். டப்பா மீனோடு தனியாக உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் போகிறது.

பஸ் வந்துவிட்டது.

உன் ஷௌகி

சொல்ல மறந்தேன்: பையைத் திறந்தால், உள்ளே வாத்தே இல்லை. ஒரு ஜோடி தோல் செருப்பு.