அடுப்பு இருந்த இடம்

அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி பரவாயில்லையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, இருமல்கூட நின்றுவிட்டது.

என்னடா வேலை என்று கேட்டாயே. மொட்டை மாடியில் காற்றை உறிஞ்சும் மெஷினுக்குள் வெள்ளைத் தாள் வைப்பேன். மறுநாள் அது கறுத்துப்போயிருக்கும். அந்தக் கரி எந்தெந்தப் புகையிலிருந்து வந்தது என்று லேபில் பிரித்துப் பார்ப்போம். இந்த முறை முக்கால்வாசி வண்டிப் புகை, கொஞ்சம் விறகுப் புகை. இரண்டையும் உள்ளபடி எழுதிக்கொடுத்தேன். வண்டிக்காரனை எவன் தொடுவான்? நகராட்சி ஆட்கள் வந்து, தெருமுனையில் டீ விற்கும் அக்காவின் விறகடுப்பை உடைத்துவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அவள் வெறும் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு டீ இல்ல தம்பி. நீ சாப்டியா?" என்றாள். எழுதிக்கொடுத்தது நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் ஆளையே காணோம். "நல்ல ரிப்போர்ட்" என்று ஆபீசர் தட்டிக்கொடுத்தார். தாள் இன்றைக்கும் அதே கறுப்புதான்.

அதை விடு. தடித்த சாக்ஸ் இரண்டு ஜோடி அனுப்பு. அப்புறம், போனை எடுத்ததுமே சாப்பிட்டாயா என்று கேட்காதே என்று உன்மேல் எரிந்து விழுந்தேன் இல்லையா? இனிமேல் கேள் அம்மா. இங்கே கேட்க ஆள் இல்லை.

தாள் மாற்ற நேரமாகிவிட்டது, மாடிக்கு ஓடுகிறேன்.

உன் மூத்தவன்